யோசனை சொல்லப் போகும் பிள்ளைகள்

கன்னியாகுமரிக்குச் சூரியோதயம் பார்க்கப் போகிறவர்கள் கொட்டாரத்தைப் பார்ப்பதில்லை. சுசீந்திரத்தில் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். மருந்துவாழ்மலையைக் கைநீட்டிக் காட்டுகிறார்கள். பிறகு கடலைத்தான் பார்க்கிறார்கள். நடுவில் இருக்கும் கொட்டாரம் சந்திப்பில் பஸ் நிற்கும். நாலு பேர் இறங்குவார்கள், இரண்டு பேர் ஏறுவார்கள். பஸ் போய்விடும்.

ஆனால் இங்குள்ள ஒரு டீக்கடை பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நாட்டு நடப்பு முழுவதும் காதில் விழும். நெல் விலை, தேங்காய் விலை, பிள்ளைகளின் படிப்பு - இந்த மூன்றும் இல்லாத பேச்சு நாஞ்சில் நாட்டில் ஏது?

இப்போது அந்தப் பேச்சில் ஒரு புது விஷயமும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

"எம்.பி.ஏ. படிக்கிற மக லீவுக்கு வரல்லியாம். ஏதோ கம்பெனியில ரெண்டு மாசம் பயிற்சியாம்."

"என்ன வேலையாம்?"

"பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் யோசனை சொல்லுத வேலையாம்!"

கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவருக்குச் சிரிப்பு வருகிறது. "இருவத்திமூணு வயசுப் பிள்ளை, அம்பது வருசமாக் கம்பெனி நடத்துதவனுக்கு யோசனை சொல்லுமா? நல்லா இருக்குவே உம்ம கதை!"

சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிரித்துத் தள்ளிவிடக்கூடிய விஷயம் அல்ல இது. பெயர் பெற்ற நிர்வாகக் கல்லூரிகள் சிலவற்றில் இரண்டு வருடக் கட்டணம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. நிலத்தை ஈடு வைத்தும், பாங்கியில் கடன் வாங்கியும் பிள்ளைகளை அனுப்புகிற குடும்பங்கள் உண்டு. அந்த இரண்டு மாதப் பயிற்சி நன்றாக அமைந்தால், படிப்பு முடியுமுன்பே உத்தியோக உத்தரவு கைக்கு வந்துவிடும். அமையாவிட்டால், அடுத்த வருடம் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அப்படியானால், வகுப்பில் படிக்கும் பாடம் அந்த இரண்டு மாதத்துக்கு எந்த அளவு துணை வருகிறது? எந்த இடத்தில் கையை விட்டுவிடுகிறது? பார்ப்போம்.

யோசனைக்கும் விலை உண்டு

ஊரில் யோசனை இலவசம். கேட்காமலே கிடைக்கும். ஆனால் வைத்தியர் சொல்லும் யோசனைக்கும் வக்கீல் சொல்லும் யோசனைக்கும் நாம் பணம் கொடுக்கிறோம் அல்லவா? கம்பெனிகளுக்கும் அப்படி ஒரு வைத்தியர் உண்டு. அவருக்குத்தான் 'கன்சல்டன்ட்' என்று பெயர். நிர்வாக ஆலோசகர் என்று சொல்லலாம்.

லாபம் குறைகிறது, காரணம் தெரியவில்லை. புது ஊரில் கிளை திறக்கலாமா, வேண்டாமா? தொழிற்சாலையில் சரக்கு தேங்குகிறது, எங்கே அடைப்பு? இப்படிப்பட்ட சந்தேகங்கள் வரும்போது முதலாளிகள் வெளியாரை அழைக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்குப் பழகிப்போனது வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்குப் படும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

இந்தத் தொழிலில் உலகப் பிரசித்தி பெற்ற ஒரு கம்பெனியை 1926ல் அமெரிக்காவில் தொடங்கியவர் ஜேம்ஸ் மெக்கின்சி. அவர் யார் தெரியுமா? சிகாகோ சர்வகலாசாலையில் கணக்கியல் ஆசிரியர்! கணக்குப் புத்தகம் போன வருடக் கதையை எழுதி வைப்பதற்கு மட்டும் உரியதல்ல, வருகிற வருடத்தைத் திட்டமிடவும் உதவும் என்பது அவர் கொள்கை. கணக்குப்பிள்ளையின் பேரேட்டிலிருந்து பிறந்த தொழில் இது என்றால் மிகையில்லை.

நம் நாட்டில் 1961ஆம் வருடம் ஒரு திருப்பம். அந்த ஆண்டு நவம்பரில் கல்கத்தாவிலும் டிசம்பரில் ஆமதாபாத்திலும் இந்திய நிர்வாகக் கழகங்கள் தோன்றின. கல்கத்தாவுக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கைகொடுத்தது. ஆமதாபாத்துக்கு ஹார்வார்டு கைகொடுத்தது. ஆமதாபாத் கழகத்தை உருவாக்குவதில் முன்நின்றவர், நமது விண்வெளித் திட்டத்துக்கு வித்திட்ட விக்ரம் சாராபாய். தமிழ்நாட்டில் திருச்சியில் 1984ல் பாரதிதாசன் நிர்வாகக் கல்லூரி வந்தது. 2011ல் அதே திருச்சிக்கு இந்திய நிர்வாகக் கழகமும் வந்துவிட்டது. கொட்டாரத்திலிருந்து ராத்திரி ரயில் பிடித்தால் விடிவதற்குள் திருச்சி. அவ்வளவுதான் தூரம்!

ஐந்து மாதப் பாடம், அதற்குள் பரீட்சை

இந்தப் படிப்பின் காலக்கணக்கு ஒரு வேடிக்கை. ஜூன் மாத வாக்கில் வகுப்பு ஆரம்பமாகும். முதல் வருடம் முடிந்து, ஏப்ரல், மே மாதங்களில் ஏறக்குறைய எட்டு வாரம் கோடைப் பயிற்சி. ஆனால் அந்தப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் அக்டோபர், நவம்பரிலேயே கல்லூரி வாசலுக்கு வந்துவிடும். ஆக, நாலைந்து மாதப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் நேர்முகப் பரீட்சைக்கு உட்காருகிறார்கள்!

அந்த மாதங்களில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

முதலில் கணக்கியல். லாபநஷ்டக் கணக்கும் ஐந்தொகையும் படிக்கத் தெரிய வேண்டும். லாபம் வேறு, கையில் இருக்கும் ரொக்கம் வேறு என்ற ஞானம் இங்கேதான் வருகிறது. அரிசி மண்டிக்காரர் மாதம் ஒரு லட்சத்துக்கு விற்கிறார். முக்கால் பங்கு கடன். ஏட்டில் லாபம் இருக்கிறது, பெட்டியில் காசு இல்லை. லாபம் வரும் கடையும் ரொக்கம் இல்லாமல் மூடப்படலாம். இதை அறியாமல் நொடித்துப்போன கடைகள் எத்தனை!

அடுத்தது புள்ளியியல். கன்னியாகுமரிக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை நூறு பேரைக் கேட்டுவிட்டு, 'இந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள்' என்று எழுதினால் அது புள்ளிவிவரம் ஆகாது. செவ்வாய்க்கிழமை மத்தியானமும் போய்க் கேட்க வேண்டும். யாரைக் கேட்டோம், யாரை விட்டுவிட்டோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை இந்தப் பாடம் தருகிறது.

மூன்றாவது, வேலை நடக்கும் முறை பற்றிய பாடம். இதில் ஒரு சுவையான சூத்திரம் உண்டு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961ல் இதன் நிரூபணத்தை வெளியிட்டார். ஒரு மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் - இரண்டையும் பெருக்கினால் சராசரியாக எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள் என்று தெரிந்துவிடும். நம் டீக்கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 பேர் வருகிறார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம். எப்போதும் சராசரி 10 பேர் கடையில் இருப்பார்கள். பெஞ்சில் ஆறு பேருக்குத்தான் இடம் என்றால் நாலு பேர் நின்றுதான் குடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் வரிசைக்கும், துறைமுகத்தில் காத்திருக்கும் கப்பலுக்கும் இதே கணக்குத்தான்!

இவற்றோடு பொருளாதாரம், விற்பனை, மனிதர்களின் நடத்தை பற்றிய பாடம் எல்லாம் உண்டு. எழுதுவதற்கும் பாடம் உண்டு. ஆமதாபாத்தில் 'டபிள்யூ.ஏ.சி.' என்ற ஒரு பாடம். சிக்கலைப் படித்து, ஆராய்ந்து, முடிவை அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும். குறித்த நேரம் தவறக்கூடாது. பழைய மாணவர்கள் கூடினால் மறக்காமல் பேசும் பாடம் இதுதான்.

கதை சொல்லிப் பாடம்

இந்தக் கல்லூரிகளின் தனிச்சிறப்பு 'கேஸ்' முறை. 1908ல் தொடங்கிய ஹார்வார்டு வர்த்தகக் கல்லூரி, சட்டக் கல்லூரியிடமிருந்து கடன் வாங்கிய முறை இது. வக்கீல் மாணவர்கள் பழைய வழக்குகளைப் படிப்பதுபோல, இங்கே ஒரு கம்பெனிக்கு உண்மையில் வந்த சோதனையை எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். முடிவு மட்டும் அதில் இருக்காது. 'அந்த முதலாளியின் நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தால் என்ன செய்வாய்?' என்று ஆசிரியர் கேட்பார். ஒருவன் ஒன்று சொல்வான், இன்னொருத்தி மறுப்பாள். ஆசிரியர் கேள்விகளாலேயே வகுப்பை நடத்துவார்.

ஆலோசனைக் கம்பெனிகளின் நேர்முகப் பரீட்சையும் இதே பாணிதான். 'உன் தகப்பனார் பெயர் என்ன, பொழுதுபோக்கு என்ன' என்பதோடு முடியாது. 'ஒரு வியாபாரிக்கு லாபம் குறைந்துவிட்டது, ஏன்?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். சரியான விடையைவிட, அதைத் தேடும் வழியைத்தான் கவனிப்பார்கள்.

எப்படித் தேடுவது? இதோ, ஒரு கற்பனைக் கணக்கு. கொட்டாரம் சந்திப்பில் ஒரு வாழைப்பழக்கடை என்று வைத்துக்கொள்வோம். விற்பது மட்டிப் பழம். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற நம் குமரி மாவட்டத்துப் பழம். கடைக்கார அண்ணாச்சி, "வியாபாரம் முன்னைவிட நல்லாத்தான் நடக்கு. ஆனா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்கு" என்கிறார்.

படித்த பிள்ளை உடனே யோசனை சொல்லாது. முதலில் பிரித்துப் பார்க்கும். லாபம் என்பது வரவிலிருந்து செலவைக் கழித்தது. வரவு என்பது விற்ற எடையை விலையால் பெருக்கியது. இரண்டு மாதக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது.

போன வருடம் ஒரு மாதத்தில் 2,000 கிலோ விற்றது. கிலோ 75 ரூபாய். வரவு 1,50,000. இந்த வருடம் 2,100 கிலோ. விலை அதேதான். வரவு 1,57,500. ஆக, வரவில் குறை இல்லை. கூடித்தான் இருக்கிறது.

செலவு? வாடகை 6,000. கடையில் காலையில் வந்து உதவி செய்யும் அக்காவுக்குச் சம்பளம் 8,000. வண்டிக்கூலி 2,000. இவை மூன்றும் மாறவில்லை. கொள்முதல் விலையும் கிலோ 50 ரூபாய்தான், மாறவில்லை. மாறியது எடை! போன வருடம் 2,200 கிலோ வாங்கினார், 1,10,000 ரூபாய். இந்த வருடம் 2,560 கிலோ, 1,28,000 ரூபாய்.

போன வருட லாபம் 24,000. இந்த வருட லாபம் 13,500. காரணம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. முன்பு வாங்கியதில் 200 கிலோ வீணாயிற்று. இப்போது 460 கிலோ வீணாகிறது. அழுகும் பழத்தோடு மாதம் 23,000 ரூபாய் குப்பைக்குப் போகிறது!

அண்ணாச்சியின் மனக்கவலை, ஐந்தே நிமிஷத்தில் ஒரு எண்ணாகச் சுருங்கிவிட்டது. இதுதான் படிப்பு தரும் வரம். 'வியாபாரம் சரியில்லை' என்ற பெருமூச்சை, 'எந்த இடத்தில், எவ்வளவு' என்ற கேள்வியாக மாற்றிக் கொடுக்கிறது.

காகிதம் சொல்லும் தீர்ப்பு

இனி யோசனை. அவசரக்கார மாணவன் இரண்டு யோசனை எழுதுவான். ஒன்று: கொள்முதலை 300 கிலோ குறைக்கவும். இரண்டு: உதவிக்கு நிற்கும் அக்காவை நிறுத்தினால் மாதம் 8,000 மிச்சம்.

கணக்கில் தப்பில்லை. பரீட்சையில் மார்க்கும் கிடைக்கலாம். ஆனால் கடைக்கு?

நிதானமான மாணவி மூன்று நாள் கடைத்திண்ணையில் வந்து உட்காருகிறாள். குலை இறங்குவதைப் பார்க்கிறாள். பழம் அழுகுவது எந்தக் கிழமை என்று எழுதுகிறாள். கடைசியில் கேட்கிறாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் கம்மியா வாங்கினா என்ன?"

"கயிறு காலியாக் கெடந்தா எவன் மக்கா கடையில ஏறுவான்? குலை தொங்கணும். அதைப் பாத்துத்தான் கார்க்காரன் வண்டியை நிறுத்துவான்."

அதுவும் உண்மைதான். தொங்கும் குலைதான் கடைக்கு விளம்பரப் பலகை. அப்படியானால் போன வருடமும் குலை தொங்கியதே, அப்போது ஏன் அழுகவில்லை? பதில் அண்ணாச்சியிடம் இல்லை. சீப்பு அறுத்துக்கொண்டிருந்த அக்கா மெல்லச் சொல்கிறாள்.

"வெள்ளிக்கெழம கட்டித் தொங்க விடுத குலை எல்லாம் ஒரே நாளுல பழுத்துருது மக்ளே. முன்ன பாட்டாதான் சந்தைக்குப் போவாரு. ஒண்ணு இண்ணைக்குப் பழுக்கும், ஒண்ணு நாளைக்கு, ஒண்ணு ஞாயித்துக்கெழமண்ணு பருவம் பாத்து எடுத்துட்டு வருவாரு. அவருக்கு முட்டு வலி வந்த பெறகு இவருல்லா போறாரு."

விஷயம் விளங்கிவிட்டது! நோய் கொள்முதலின் அளவில் இல்லை. குலையின் பருவம் பார்க்கும் கண், வீட்டுத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. தகப்பனாரிடம் கேட்க மகனுக்குக் கூச்சம். கேட்காமல் சொல்லப் பெரியவருக்கு மனமில்லை. பத்துச் சந்தை நாளைக்குப் பாட்டாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனால் போதும். மகனுக்குத் தொழில் வந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காகிதம் யாரை வேலையைவிட்டு நிறுத்தச் சொன்னதோ, அவளிடம்தான் பதில் இருந்தது! அவசரக்காரன் யோசனைப்படி நடந்திருந்தால் அவள் சம்பளத்தோடு கடையின் கண்ணும் போயிருக்கும்.

ஆலோசகர் வேலையில் உள்ள பெரும் பொறுப்பு இதுதான். யோசனை சொன்னவர் எட்டு வாரத்தில் போய்விடுவார். யோசனையின் பலனை அனுபவிப்பவர் கடையிலேயே இருக்கிறார்.

மதுரை சொன்ன பாடம்

பழக்கடை கற்பனை. நிஜத்தில் இப்படி நடந்ததுண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அதற்கு மதுரைக்குப் போக வேண்டும்.

டாக்டர் கோ.வெங்கடசாமி அரசாங்க உத்தியோகத்திலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போனவர். அந்தக் கைகளோடு ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஒளி தந்தவர். 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க முடிந்தவரிடம் கட்டணம், முடியாதவருக்கு இலவசம் என்பது ஏற்பாடு. 1988ல் நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலியிலும் மருத்துவமனை வந்தது.

இதை நிர்வாகக் கல்லூரிகள் ஏன் பாடமாகப் படிக்கின்றன? வேலை நடக்கும் முறைக்காக! ஆபரேஷன் அறையில் பக்கத்தில் பக்கத்தில் மேஜைகள். ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் திரும்பினால் அடுத்தவர் தயாராக இருப்பார். தயார்ப்படுத்தும் வேலை முழுவதையும் பயிற்சி பெற்ற பெண்கள் செய்துவிடுவார்கள். அவர்களில் பலர் கிராமத்திலிருந்து வந்தவர்கள். டாக்டரின் நேரம் ஒரு நிமிஷம்கூட வீணாவதில்லை. கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லை இறக்குமதியில் விலை அதிகமாக இருந்தது. 1992ல் 'ஆரோலேப்' என்ற பிரிவைத் தொடங்கி மதுரையிலேயே குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கினார்கள்.

1993ல் ஹார்வார்டு பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் இந்த மருத்துவமனையைப் பற்றி ஒரு 'கேஸ்' எழுதினார். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலாவில் படித்து, ஆமதாபாத் கழகத்தில் தேறி, அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் பேராசிரியராக விளங்கிய சி.கே.பிரகலாத், 2004ல் வெளிவந்த தமது புத்தகத்தில் இதே மருத்துவமனையை எடுத்துக்காட்டினார். மதுரை ஆஸ்பத்திரியின் கதையைப் பாஸ்டன் நகரத்து மாணவர்கள் படித்து விவாதித்தார்கள் என்றால் நமக்குப் பெருமைதானே!

அந்தக் கதையில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. மருத்துவமனை கிராமங்களில் கண் முகாம் நடத்தியது. பரிசோதனை இலவசம். கண்புரை என்று கண்டால் ஆபரேஷனும் இலவசம். அப்படியும் பலர் ஆபரேஷனுக்கு வரவில்லை!

காகிதத்தில் பார்த்தால் இது புரியாத புதிர். விலை பூஜ்யம், பலன் பார்வை. யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஜனங்களிடம் போய்க் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. ஆபரேஷன் இலவசம்தான். பஸ்ஸுக்குக் காசு? சாப்பாட்டுக்கு? கூட வருகிறவர் வேலைக்குப் போகாத நாளின் கூலி? இவற்றோடு பயம். ஏழைக்கு அது இலவசம் அல்ல, விலையுள்ள சரக்குத்தான்!

முறை மாற்றப்பட்டது. முகாமிலிருந்து நோயாளிகளைக் கூட்டமாக பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். சாப்பாடு போட்டார்கள். ஆபரேஷன் முடிந்ததும் ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். தெரிந்த முகங்களோடு சேர்ந்து போவதால் பயமும் குறைந்தது.

இந்த அனுபவத்தைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கவும் அங்கே ஒரு நிறுவனம் உண்டு. 1992ல் அரிமா சங்கத்தின் உதவியோடு தோன்றிய 'லைக்கோ' அது. கல்கத்தா நிர்வாகக் கழகத்தில் படித்த திரு. ஆர்.டி.துளசிராஜ் அதை வளர்த்ததில் பெரும்பங்கு வகித்தவர். இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் உள்ள நூற்றுக்கணக்கான கண் மருத்துவமனைகளுக்கு லைக்கோ ஆலோசனை சொல்லியிருக்கிறது. எப்படித் தெரியுமா? முதலில் அந்த மருத்துவமனைக்கு நேரில் போய்ப் பார்ப்பார்கள். பிறகு அங்குள்ள டாக்டர், நிர்வாகி, நர்ஸ் எல்லோரையும் மதுரைக்கு வரவழைத்து, அவர்கள் திட்டத்தை அவர்களே எழுதும்படி செய்வார்கள். அப்புறமும் தொடர்ந்து விசாரிப்பார்கள். ஆலோசனைத் தொழிலின் இலக்கணமே இதில் அடங்கியிருக்கிறது.

எட்டு வாரம் எப்படிப் போகும்?

இனி பயிற்சிக்குப் போகும் பிள்ளையின் அன்றாடத்தைப் பார்ப்போம். முதல் வாரம், என்ன கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்வதில் போகும். பிறகு தகவல் சேகரிப்பு. கம்பெனி தரும் கணக்கு ஒழுங்காக வந்து சேராது. ஒரே சரக்குக்கு மூன்று இலாகாவில் மூன்று பெயர் இருக்கும். எக்செல் பலகையில் அவற்றைச் சரிக்கட்டுவதிலேயே பல நாள் ஓடிவிடும். வகுப்பில் கொடுத்த 'கேஸ்' பேப்பரில் எண்கள் சுத்தமாக அச்சடித்து வந்தன. இங்கே அந்த எண்களை மாணவனே தோண்டி எடுக்க வேண்டும். பாடத்துக்கும் வேலைக்கும் முதல் வித்தியாசம் இது.

இரண்டாவது வித்தியாசம், பேச்சு. வகுப்பில் பேசினால் மார்க். இங்கே கேட்டால்தான் மார்க். கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், 'இந்தப் பிள்ளை நம் வேலைக்கு உலை வைக்க வந்திருக்கிறது' என்று நினைத்தால் வாயைத் திறக்கமாட்டார். அவரிடம் மரியாதையாக உட்கார்ந்து, 'நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள், எனக்குச் சொல்லுங்கள்' என்று கேட்கும் பக்குவத்தை எந்தப் பரீட்சையும் அளப்பதில்லை.

மூன்றாவது, எழுத்து. மெக்கின்சி கம்பெனியில் 1963ல் சேர்ந்த பார்பரா மின்டோ என்ற பெண்மணி ஒரு முறையை வகுத்துப் பிரபலமானார். முடிவை முதலில் சொல், காரணங்களைப் பிறகு அடுக்கு. ஒரு காரணம் இன்னொன்றோடு கலக்கக்கூடாது, எதுவும் விடுபடவும் கூடாது என்பது அதன் சாரம். நமக்கு இது பழக்கத்துக்கு விரோதம். நாம் ஆதியோடு அந்தமாகக் கதை சொல்லித்தான் விஷயத்துக்கு வருவோம். ஆனால் அவசரத்தில் இருக்கும் முதலாளிக்கு முதல் வரியிலேயே முடிவு வேண்டும். இந்தப் பழக்கத்தை வகுப்பு நன்றாகவே ஊட்டிவிடுகிறது.

நான்காவது, ரகசியம். கம்பெனியின் கணக்கைக் கண்டவன் டீக்கடையில் அதைப் பேசக்கூடாது. சிநேகிதனிடமும் கூடாது. வைத்தியர் நோயாளியின் வியாதியை வெளியில் சொல்லலாமா?

ஆக மொத்தம், பிரித்துப் பார்க்கவும், எண்ணிப் பார்க்கவும், எழுதிக் காட்டவும் கல்லூரி கற்றுத் தருகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பணிவை மாணவன்தான் கொண்டு போக வேண்டும். அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் அவசரக்காரனின் இரண்டு யோசனைகளாகவே முடியும்.

கொட்டாரத்துப் பிள்ளைக்கு என்ன குறை?

'எங்கள் பிள்ளை கிராமத்துப் பள்ளியில் படித்தது. இங்கிலீஷில் சரளம் போதாது. பட்டணத்துப் பிள்ளைகளோடு போட்டி போட முடியுமா?' என்று கலங்கும் பெற்றோர் உண்டு. இங்கிலீஷ் வேண்டியதுதான். பழகினால் வரும். ஆனால் சந்தையிலும் களத்துமேட்டிலும் காது கொடுத்து வளர்ந்த பிள்ளைக்கு ஒரு முதல் கையிலேயே இருக்கிறது. அதை முதல் என்று அறியாமல் வெட்கப்படுவதுதான் குறை.

கல்லூரிக்குப் போகுமுன்பே நம் ஊரில் செய்யக்கூடிய பயிற்சிகள் உண்டு. காசு செலவில்லை.

தெரிந்த கடை ஒன்றில் அனுமதி கேட்டு, ஒரு மாத வரவு செலவை எழுதிப் பாருங்கள். லாபம் எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு, இரண்டும் ஏன் ஒன்றாக இல்லை என்று விடை தேடுங்கள்.

ரேஷன் கடை வரிசையிலோ, ஆஸ்பத்திரி வரிசையிலோ ஒரு மணி நேரம் நின்று, எத்தனை பேர் வந்தார்கள், ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று குறியுங்கள். லிட்டிலின் சூத்திரம் சரியாக வருகிறதா என்று பெருக்கிப் பாருங்கள்.

கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் ஒரே வயலில் செலவு ஏன் மாறுகிறது என்று ஒரு விவசாயியிடம் கேளுங்கள். இடையில் குறுக்கிடாமல் அரை மணி நேரம் கேளுங்கள். இதுதான் இருப்பதில் கடினமான பயிற்சி!

கண்டதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முடிவு முதல் வரியில் இருக்கட்டும். பிறகு அதை அந்தக் கடைக்காரரிடமே வாசித்துக் காட்டுங்கள். அவர் 'அப்படி இல்லை மக்கா' என்று சொல்லும் இடம்தான் உங்களுக்குப் பாடம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கல்லூரி பார்க்கும்போது கட்டிடத்தையும் விளம்பரத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். கோடைப் பயிற்சிக்குப் போன வருடம் எத்தனை பேர் போனார்கள், எங்கே போனார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று பழைய மாணவர்களையே தேடிக் கேளுங்கள். கடன் தவணை மாதம் எவ்வளவு வரும் என்று கையெழுத்துப் போடுமுன் கணக்குப் பாருங்கள். யோசனை சொல்லும் படிப்பில் சேருவதற்கே யோசனை வேண்டாமா?

மலையும் மூலிகையும்

மருந்துவாழ்மலைக்கு ஒரு கதை உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதைதான். லட்சுமணனைப் பிழைக்க வைக்க மூலிகை தேடிப் போனார் அனுமார். எது மூலிகை என்று தெரியவில்லை. மலையையே பெயர்த்துத் தூக்கி வந்தார். அதிலிருந்து விழுந்த துண்டுதான் இந்த மலை என்பார்கள்.

நிர்வாகக் கல்லூரியில் ஒரு வருடம் படித்த பிள்ளையும் மலையைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறது. சூத்திரங்கள், அட்டவணைகள், கோட்பாடுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. தூக்கி வரும் பலத்தைக் கல்லூரி கொடுத்துவிட்டது. ஆனால் கடையில் காத்திருக்கும் அண்ணாச்சிக்கு மலை வேண்டாம். ஒரு பிடி இலை போதும். எந்த இலை என்பது, சீப்பு அறுத்துக்கொண்டிருக்கும் அக்காவுக்குத் தெரிந்திருக்கலாம்.

டீக்கடைப் பெரியவருக்கு இதுதான் பதில். இருபத்துமூன்று வயதுப் பிள்ளை யோசனை சொல்ல முடியுமா? முடியும். முதலில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்தால்!